மஞ்சள் செடங்களைப் பிரித்துச் சொன்னவள்

பாப்பா,

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்து நாள் குறித்துவிட்டுப் போனார்களே, அன்றைக்கு மாடியில் நடந்ததில் இருந்து ஆரம்பிக்கிறேன். காபி குடித்த பிறகு மாப்பிள்ளை என் தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார். நான் முன்னால் ஏறினேன், அவர் எனக்குப் பின்னால், நீ அவருக்கும் பின்னால் நாலு படி தள்ளி. தண்ணீர் டேங்க் நிழலில் வரிசையாக இருந்த சின்னத் தொட்டிகளைப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் ஒரே செடிதானே மாமா?" என்று கேட்டார். அவ்வளவுதான், நான் ஆரம்பித்துவிட்டேன். இது வேற, அது வேற, பூவைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், இலையைப் பாருங்கள் என்று கால் மணி நேரம் விடாமல் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு உன் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் செடின்னா பிடிக்குமா?" என்றார். நீ, "இல்லங்க, அதெல்லாம் அப்பாவோடது" என்றாய். அதில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. பால் வந்துவிட்டதா என்று கேட்டால் வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாய். வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று சொல்லிக் கீழே இறங்கினேன். வெயிலால் இல்லை பாப்பா, வெட்கத்தால்.

நம் ஊர் மாடித்தோட்டக் குழு இந்த வருஷம் ஒரு சிறப்பு மலர் போடுகிறது. மஞ்சள் பூ பூக்கும் செடம் என்கிற குட்டிச் சதைப்பற்றுச் செடிகளை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று என்னிடம் கட்டுரை கேட்டிருந்தார்கள். "உங்களை விட்டா இதை எழுத ஆள் கிடையாது" என்றார்கள். திங்கட்கிழமை காலையில் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு வரி எழுதினேன். எழுதிய நாலு வரியும் உன்னுடைய வரி. ஐந்தாவதாக என்னுடையதாக ஒன்று எழுதலாம் என்று பார்த்தால் ஒன்றும் வரவில்லை. பேனாவை மூடிவிட்டேன். கட்டுரைக்குப் பதிலாக உனக்கு இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். எல்லார் முன்னாலும் உன்னிடம் இருந்து எடுத்ததை எல்லார் முன்னாலும்தானே திருப்பித் தர வேண்டும்.

நீ பத்தாவது முடித்த லீவில் நாம் மூன்று பேரும் ஊட்டிக்குப் போனோம். வரும்போது ரோட்டோரம் விற்ற ஒருத்தரிடம் செய்தித்தாளில் சுற்றிய மூன்று சின்னத் தொட்டிகளை நான்தான் வாங்கினேன். மூன்றிலும் தரையோடு தரையாகப் படர்ந்த சதைப்பற்றுச் செடி, மூன்றிலும் ஐந்து இதழ் நட்சத்திரம் மாதிரி மஞ்சள் பூ. விற்றவர் எல்லாவற்றுக்கும் செடம் என்றே பேர் சொன்னார். நம் ஊர் ரணகள்ளிக்கு இது தூரத்து உறவு என்று பிறகு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாங்கி வந்ததோடு என் வேலை முடிந்தது. ஐப்பசி மழையில் ஒரு தொட்டி பாதி அழுகிப்போய், ஒன்று மட்டும் எதுவும் நடக்காத மாதிரி தளதளவென்று நின்றபோது, "ஒரே செடின்னா எப்படிப்பா ஒண்ணு மட்டும் அழுவும்?" என்று கேட்டவள் நீ. நான், "மழை அந்தப் பக்கம் சாரல் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு பேப்பர் படிக்கப் போய்விட்டேன்.

நீ விடவில்லை. பொதுப்பணி ஆபீஸில் நான் வரைபடம் போட்ட காலத்தில் கழித்துப்போட்ட தாள்களை வீட்டுக்குக் கொண்டுவருவேனே, அதன் பின்பக்கத்தை எல்லாம் வெட்டித் தைத்து ஒரு நோட்டு செய்தாய். வரைபடத்தில் சின்ன எழுத்து பார்க்க நான் வைத்திருந்த பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஸ்கூல் விட்டு வந்ததும் மாடிக்கு ஏறுவாய். மூன்றுக்கும் நீயே பேர் வைத்தாய். இலை குட்டையாய், அடி பருத்து, அரிசியை நட்டு வைத்த மாதிரி நெருக்கமாய் இருப்பது காரி. இலை கொஞ்சம் நீண்டு உருளையாய், மேலே இருந்து குனிந்து பார்த்தால் ஆறு வரிசையாகச் சுற்றிக்கொண்டு போவது முறுக்கி. தண்டைச் சுற்றி ஒவ்வொரு கணுவிலும் நாலு நாலு இலையாக உட்கார்ந்திருப்பது நாலுகூட்டு. நம் ஊர் வெக்கையைத் தாங்குவது நாலுகூட்டுதான், மற்ற இரண்டும் தண்ணீர் ஒரு நாள் தேங்கினால் போய்விடும் என்று எழுதி வைத்தாய். காரியையும் முறுக்கியையும் பிரிக்க முடியாமல் ஒரு வாரம் திண்டாடினாய். கடைசியில் இரண்டு இலையையும் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிட்டாய். முறுக்கி சப்பென்று இருந்தது. காரி, பச்சை மிளகைக் கடித்த மாதிரி எரிந்தது; அதற்குக் காரி என்ற பேர் வந்ததே அப்போதுதான். அழுதுகொண்டே கீழே இறங்கி வந்தாய், அம்மா உன் வாயில் தயிரை வைத்துக்கொண்டே திட்டினாள். "கண்டதையும் வாயில போடுவியா, நீ என்ன கைக்கொழந்தையா?" என்றாள். நீ எரிகிற நாக்கோடு சிரித்துக்கொண்டே, "அப்பா, பிரிச்சிட்டேன்" என்றாய்.

அந்தச் சாயங்காலமே நான் அதைக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன். "நானே சுவைத்துப் பார்த்தேன், யாரும் செய்து பார்க்க வேண்டாம், நாக்கு புண்ணாகும்" என்று எழுதினேன். நாக்கு எரிந்தது உனக்கு, பெருமை எனக்கு. குழுவின் தலைவர், பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர், "பிராவோ மிசே!" என்று பதில் போட்டார், பலே ஐயா என்பதற்குப் பிரெஞ்சு. இருபது வருஷம் ஆபீஸில் நான் போட்ட வரைபடத்தில் எல்லாம் இன்னொருத்தர்தான் கையெழுத்துப் போடுவார். ஒரு ஆள் என்னை அப்படிப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. எங்கே வழுக்கினேன் என்று உனக்குத் தெரியட்டும் என்று சொல்கிறேன். அதற்குப் பிறகு தினமும் யாராவது ஒரு போட்டோ போட்டு, "சார் இது என்ன?" என்பார்கள். நான் போனை உன்னிடம் நீட்டுவேன். நீ ஹோம்வொர்க் எழுதிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "நாலுகூட்டு" என்பாய். நான் அதைப் பத்து வரியாக விரித்து என் பேரில் அனுப்புவேன். நீ ஒரு தடவை கூட ஏன் என்று கேட்கவில்லை. அப்பா சந்தோஷமாக இருக்கிறார் என்று நினைத்தாய் போலிருக்கிறது.

நீ பிளஸ் டூ படிக்கும்போது மாசி மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் குழு நடத்திய பூக்காட்சி உனக்கு மறந்திருக்காது. பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு தொட்டிக்கும் குச்சியில் அட்டை எழுதி ஒட்டினாய். காலையில் தொட்டிகளை மேஜையில் அடுக்கிவிட்டு நீ கை கழுவப் போனாய். நான் தனியாக நின்று பார்த்தேன். நீ காரி என்று எழுதிய தொட்டியில் தண்டு நீண்டு, இலை விட்டுவிட்டு இருந்தது. இது முறுக்கி ஆயிற்றே, பரீட்சை அவசரத்தில் பிள்ளை தப்பாகக் குத்திவிட்டாள் என்று நினைத்து இரண்டு குச்சியையும் பிடுங்கி மாற்றிக் குத்தினேன். கண்ணாடி போட்டுப் பார்க்கவில்லை. உன்னை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. எனக்கே தெரியும் என்று எனக்குள் நம்பிக்கை வந்துவிட்டிருந்தது. ஒரு வருஷமாக உன் வார்த்தையைப் பேசிப் பேசி அது என் அறிவு என்றே நான் நினைக்க ஆரம்பித்திருந்தேன்.

பரிசுக்குப் பார்க்க வந்தவர் தாவரவியல் சொல்லிக்கொடுத்த ஒரு பேராசிரியை, அப்போதே ரிட்டயர் ஆனவர். முறுக்கி என்ற அட்டைக்கு மேல் குனிந்தார். ஒரு இலையைக் கிள்ளி நாக்கு நுனியில் வைத்தார். உடனே துப்பிவிட்டு, "எரியுது சார். எரியாதுன்னு எழுதியிருக்கீங்களே?" என்றார். சுற்றிலும் குழு ஆட்கள் நின்றார்கள். நீ என் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு நின்றாய். நான் என்ன சொன்னேன் என்பது உனக்கும் தெரியும், ஆனாலும் என் கையால் எழுதுகிறேன். "அட்டை எழுதினது என் பொண்ணு மேடம். மாத்திக் குத்திட்டா. அவசரப்படாதேன்னு எத்தனை வாட்டி சொன்னேன்" என்றேன். அதோடு நிற்காமல் உன்னைப் பார்த்து, "கவனம் எங்க இருக்குது உனக்கு?" என்று சத்தம் போட்டேன். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். பிறகு அவரைப் பார்த்து, "சாரி மேடம்" என்றாய். குனிந்து இரண்டு குச்சியையும் பிடுங்கி சரியான இடத்தில் குத்தினாய்.

பேராசிரியை என் கையில் இருந்த உன் நோட்டை வாங்கி நின்றபடியே வெகுநேரம் புரட்டினார். "யார் எழுதினது?" என்று கேட்டார். நீ வாயைத் திறக்கும் முன் நான், "நாங்க ரெண்டு பேரும்தான்" என்றேன். நமக்கு இரண்டாம் பரிசு வந்தது. சான்றிதழில் என் பேர் இருந்தது. ஆட்டோவில் நீ மடியில் தொட்டிகளை வைத்துக்கொண்டு வீடு வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். அந்த வாரத்துக்குப் பிறகு நீ மாடிக்கு ஏறுவது குறைந்தது. பரீட்சை என்றாய். பரீட்சை முடிந்தும் ஏறவில்லை. நான் உன் நோட்டை என் பீரோவில் வைத்துக்கொண்டேன். குழுவில் யாராவது கேள்வி கேட்டால் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டுப் பதில் எழுதினேன். பத்து வருஷமாக அதைத்தான் செய்கிறேன்.

இது வரைக்கும் உனக்குத் தெரிந்தது. இனிமேல் எழுதப்போவது உனக்குத் தெரியாதது. இதை எழுதத்தான் மூன்று நாளாக மனசு வராமல் உட்கார்ந்திருந்தேன்.

பூக்காட்சி முடிந்து நாலு நாள் கழித்து அந்தப் பேராசிரியை எனக்குப் போன் செய்தார். "சார், அந்த நோட்டு உங்க பொண்ணு எழுதினதுதான்னு எனக்குத் தெரியும். கையெழுத்து அட்டையில இருந்த கையெழுத்துதான். நான் முப்பது வருஷம் பாடம் எடுத்தவ, இப்படிப் பார்க்கிற கண்ணு லேசுல வராது. பாட்டனி சேருங்க. நான் இருந்த காலேஜ்ல பேசறேன். ஒரு தடவை அவளை என் வீட்டுக்கு அனுப்புங்க, என்கிட்ட இருக்கிற புக்கெல்லாம் அவ எடுத்துக்கலாம்" என்றார். நான், "கண்டிப்பா சொல்றேன் மேடம்" என்றேன். சொல்லவில்லை. ரிசல்ட் வந்த பிறகு திரும்பவும் கூப்பிட்டார். நான், "அவளுக்கே இஷ்டமில்லீங்க மேடம். கெமிஸ்ட்ரிதான் வேணும்னு பிடிவாதமா இருக்கிறா" என்றேன். "அப்படியா?" என்று கேட்டார். பிறகு, "நல்லா இருக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.

அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் நீ விண்ணப்பத்தை என் முன்னால் வைத்து, "முதல்ல பாட்டனின்னு போடட்டுமாப்பா?" என்று கேட்டிருந்தாய். "செடிக்குத் தண்ணி ஊத்த ஒரு டிகிரியா? கெமிஸ்ட்ரி படி, கம்பெனில வேலை கிடைக்கும்" என்றேன். கிடைத்தது. சேதராப்பட்டில் அந்தத் தொழிற்சாலை லேபில் வெள்ளைக் கோட்டு போட்டு நிற்கிறாய், எல்லாரும் நல்ல வேலை என்கிறார்கள். நானும் உறவுக்காரர்களிடம், பிள்ளையின் எதிர்காலத்தை யோசித்து முடிவு எடுத்தேன் என்று சொல்லிக்கொண்டேன். பொய் பாப்பா. வேலையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நீ அந்தப் படிப்பைப் படித்துவிட்டால் தோட்டத்தில் யாருக்கு விஷயம் தெரியும் என்று ஊருக்கே தெரிந்துவிடும். அந்தப் பயம்தான். பெற்ற பிள்ளை மேல் பொறாமை என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் அதற்கு வேறு பேர் இல்லை.

செவ்வாய்க்கிழமை அம்மாவிடம் சொன்னேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பூக்காட்சியில் குச்சியை மாற்றியது நான்தான் என்று ஆரம்பித்தேன். அவள் தலையைத் தூக்காமலே, "தெரியுமே. அன்னைக்கு வந்ததுமே பாப்பா சொல்லிட்டா. 'அப்பாகிட்ட கேக்காதம்மா, பாவம், எல்லார் எதுக்கவும் அவமானப்பட்டுட்டாரு'ன்னு சொன்னா. அதான் நான் கேக்கல" என்றாள். பதினேழு வயதில் நீ என்னைப் பார்த்துப் பாவப்பட்டிருக்கிறாய். நான் உன்னைப் பார்த்து அப்படி ஒரு நிமிஷம் கூட நினைக்கவில்லை. பிறகு போன் வந்த விஷயத்தைச் சொன்னேன். அம்மாவுக்கு அது தெரியாது. கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "எனக்குச் சொல்லியிருந்தா நானாவது கூட்டிக்கிட்டுப் போயிருப்பேனே" என்றாள். இன்றைக்கு வரைக்கும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

புதன்கிழமை அந்தப் பேராசிரியையைத் தேடிப் போனேன். வில்லியனூர் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார் என்று தலைவர் விசாரித்துச் சொன்னார். பஸ்ஸில் போகும்போது இரண்டு தடவை இறங்கித் திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்கவில்லை. என்னை அடையாளம் தெரியவில்லை. பூக்காட்சி என்றபோதும் தெரியவில்லை. வரைபடத் தாளில் தைத்த நோட்டு என்றதும் முகம் மாறிவிட்டது. "அந்தப் பொண்ணு! எப்படி இருக்கிறா?" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். காது கேட்காததால் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து அறையில் அவருடைய மருமகளும் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கட்டும் என்று நினைத்து விடாமல் சொன்னேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "அந்த நோட்டுல ஒரு பக்கத்துல எழுதியிருந்தா சார். நிழல்ல வச்சா காரி நீண்டுடும், முறுக்கி மாதிரியே தெரியும், நீளத்தைப் பார்த்து நம்பாதே, இலையைப் பிய்ச்சு அடியைப் பாரு, முறுக்கிக்கு அடியில சின்னதா ஒரு மூக்கு இருக்கும், காரிக்கு இருக்காதுன்னு. நீங்க அதைப் படிச்சதில்லையா?" என்று கேட்டார். நான் படித்ததில்லை. குச்சியை மாற்றிய அன்றைக்கு என் கையில்தான் நோட்டு இருந்தது. பதில் தேடப் புரட்டியிருக்கிறேனே தவிர, பத்து வருஷத்தில் ஒரு தடவையாவது அதை முதல் பக்கத்தில் இருந்து படித்ததில்லை. "ரிட்டயர் ஆன பிறகும் ஏழெட்டு வருஷம் பசங்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ் எடுத்தேன். ஒவ்வொரு வருஷமும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கேன். பேரு மறந்துபோச்சு. அதனால 'ஒரு பிளஸ் டூ பொண்ணு கண்டுபிடிச்சா'ன்னு சொல்லுவேன்" என்றார். நான் உன் பேரைச் சொன்னேன். அவர் ஒரு தாளை எடுத்து எழுதிக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்டபோது, "என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? நான் ஒண்ணும் இழக்கலையே" என்றார். வாசல் வரைக்கும் வந்து, "அவ வந்தா நான் பார்ப்பேன். நீங்க வரணும்னு இல்ல" என்றார். அவர் வீட்டு முகவரியை இதோடு தனித்தாளில் வைத்திருக்கிறேன்.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அப்பா புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அந்தத் தகுதி கிடையாது. ஆனாலும் நான் செய்ததைப் பார்த்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள். உன் கையால் நீ செய்ததை, அன்புக்காகக் கூட, இன்னொருத்தர் பேரில் விட்டுக்கொடுத்துவிடாதே. வாங்கிக்கொள்கிறவனுக்கும் அது நல்லதில்லை. முதல் நாள் கூச்சமாக இருக்கும். அப்புறம் பழகிவிடும். பழகிய பிறகு நிஜமான சொந்தக்காரியைப் பார்த்தாலே அவனுக்குப் பயம் வரும். மாப்பிள்ளை நல்லவர் மாதிரி தெரிகிறார். என்னைக் கால் மணி நேரம் பேசவிட்டுவிட்டு, கடைசியில் உன்னிடம் கேட்டாரே, அதனால் சொல்கிறேன். இன்னொரு தடவை கேட்டால் உண்மையைச் சொல். என்னை விட்டுக்கொடுக்கிறோமோ என்று யோசிக்காதே.

வாட்ஸ்அப் குழுவில் நேற்று எழுதிவிட்டேன், இத்தனை வருஷம் நான் சொன்ன பதில் எதுவும் என்னுடையது இல்லை, என் மகளுடையது என்று. தலைவர் மட்டும் போன் செய்து, "கஷ்டமா இருக்கு மிசே" என்றார். மற்றவர்கள் ஒன்றும் எழுதவில்லை. சுவரில் இருந்த சான்றிதழைக் கழற்றிவிட்டேன். அந்த இடத்தில் சுண்ணாம்பு வெளுப்பாக ஒரு சதுரம் தெரிகிறது, அது இருக்கட்டும். கட்டுரைக்குப் பதில் உனக்கு எழுதும் கடிதம்தான் இருக்கிறது என்று தலைவரிடம் சொன்னதும், மலருக்கு அதையே கேட்டார். நீ படித்துவிட்டு சரி என்றால்தான் கொடுப்பேன், வேண்டாம் என்றால் காரணம் கேட்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இதை உன் நோட்டோடு சேர்த்து ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் மேஜையில் வைத்துவிட்டு நான் கடற்கரைப் பக்கம் நடக்கப் போகிறேன். நீ படிக்கும்போது என் முகம் வீட்டில் இருக்க வேண்டாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவேன். அப்போதே பேச வேண்டும் என்று இல்லை. கல்யாணம் வரைக்கும் பேசாவிட்டாலும், கல்யாணம் ஆகிப் போன பிறகும் பேசாவிட்டாலும், அது உன் இஷ்டம். இந்த வீட்டில் உன் இஷ்டப்படி ஒன்றாவது நடக்கட்டும்.

உன் அப்பா